நம்பர் ஒன் மொழி எது? – ஒரு நோட்டீஸும் ஆறு கணக்குகளும்



நம் கல்லூரி வாசல் டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "உலகின் நம்பர் 1 கம்ப்யூட்டர் மொழி பைதான்! 45 நாளில் கற்றுக்கொள்ளுங்கள்!" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டணம் 12,000 ரூபாய். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். நானும் போய்ச் சேர்ந்தேன், ஒழுங்காகப் படித்தேன், சர்டிஃபிகேட்டும் வாங்கினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு இண்டர்வியூ. மின்சார மீட்டருக்கு போர்டு செய்கிற கம்பெனி. அங்கிருந்த சார் ஒரு பேப்பரை என் பக்கம் தள்ளி, "தம்பி, இந்த போர்ட் ரெஜிஸ்டர்ல மூணாவது பிட்டை மட்டும் ஆன் பண்ணணும். சி-ல எழுதுங்க" என்றார். சி மொழி எனக்குப் பாடத்தில் இருந்ததுதான். "அது பழைய மொழி சார், யாரு இப்ப அதைத் தொடறாங்க" என்று நினைத்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோயிருந்தேன். பேனா நகரவில்லை.

"பைதான் தெரியும் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நல்ல மொழிதான் தம்பி. ஆனா எங்க சிப்புல மொத்த மெமரியே சில கிலோபைட்தான். அதுல அது எங்க உக்காரும்?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நோட்டீஸ்காரர் மேல் வந்த கோபம், யோசிக்க யோசிக்க என் மேலேயே திரும்பியது. நோட்டீஸில் பொய் இல்லை. பைதான் நிஜமாகவே ஒரு பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் "எதை எண்ணி முதலிடம்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவு மட்டுமல்ல, எலெக்ட்ரிகல், மெக்கானிக்கல் நண்பர்களும் படிக்கலாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் ஒரு பஸ் ஸ்டாண்ட் கணக்கு

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸுக்கு மவுசு அதிகம் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

விசாரணை கவுண்ட்டரில் உட்கார்ந்து, எந்த பஸ்ஸைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள் என்று எண்ணலாம். ஆனால் தினமும் போகிற டவுன் பஸ்ஸைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்? புதிதாக விட்ட பஸ்ஸைத்தான் கேட்பார்கள். விற்ற டிக்கெட்டை எண்ணலாம். அப்போது பாஸ் வைத்திருக்கிற நாம் எல்லாரும் கணக்கிலேயே வரமாட்டோம். எந்த பஸ் பிடிக்கும் என்று ஆட்களையே கேட்கலாம். சொகுசு பஸ் என்பார்கள். ஆனால் ஏறுவது டவுன் பஸ்ஸில்.

மூன்று விதமாக எண்ணினால் மூன்று விடை. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் வேறு வேறு. கம்ப்யூட்டர் மொழிகளின் கதையும் இதேதான். உலகத்தில் யார் யார் எந்த மொழியில் புரோகிராம் எழுதுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு எங்கும் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரும் அந்த மொழி விட்டுச் செல்லும் ஏதாவது ஒரு தடத்தை எண்ணுகிறார்கள். முக்கியமாக ஆறு வகை.

1. பக்கங்களை எண்ணுவது

எல்லாரும் அடிக்கடி எடுத்துக்காட்டுவது டியோபி பட்டியல். நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரில் உள்ள டியோபி என்ற மென்பொருள் நிறுவனம் 2001 முதல் இதை மாதாமாதம் வெளியிடுகிறது. நோட்டீஸ்காரர்கள் அதிகம் நம்புவதும் இதைத்தான்.

முறை எளிது. கூகுள் போன்ற 20-க்கும் மேற்பட்ட தேடுபொறிகளில், மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தேடுவார்கள். எத்தனை பக்கம் கிடைத்தது என்று ஒவ்வொரு தேடுபொறியும் ஒரு எண் தரும். அதை எல்லா மொழிகளின் மொத்தத்தால் வகுத்தால் பங்கு சதவீதம் வந்துவிடும். எல்லாத் தேடுபொறிக்கும் சேர்த்து சராசரி எடுத்தால் பட்டியல் தயார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். (எண்கள் நானாக வைத்துக்கொண்டவை.) மூன்று மொழிகள் இருக்கின்றன. முதல் மொழிக்கு 600 பக்கம், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 100. மொத்தம் 1000. பங்கு 60, 30, 10 சதவீதம். அடுத்த மாதம் தேடுபொறி குப்பைப் பக்கங்களைக் கூட்டித் தள்ளுகிறது. முதல் மொழியின் பக்கம் 200 ஆகிவிடுகிறது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது மொத்தம் 600. பங்கு என்ன ஆகும்? முதல் மொழி 33.3, இரண்டாவது 50, மூன்றாவது 16.7 சதவீதம். இரண்டாவது மொழியில் ஒருவரும் புதிதாக ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் அது 30-லிருந்து 50-க்குத் தாவி முதலிடம் பிடித்துவிட்டது!

இது வெறும் கற்பனை இல்லை. 2004 ஏப்ரலில் கூகுள் இப்படி ஒரு துப்புரவு வேலை செய்தது. அந்த மாதம் ஜாவாவும் சி பிளஸ் பிளஸும் பட்டியலில் சரசரவென்று சரிந்தன. இனி இப்படி ஆகக்கூடாது என்றுதான் டியோபிகாரர்கள் கூகுளோடு வேறு தேடுபொறிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. 2015 இறுதியில் சி மொழியின் பங்கு 16 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2017 ஆகஸ்டில் 7 சதவீதத்துக்கும் கீழே போனது. 2018 செப்டம்பரில் மறுபடியும் 15-ஐத் தாண்டியது. கொஞ்சம் யோசியுங்கள். இந்த மூன்று வருடத்துக்குள் உலகத்து வாஷிங் மெஷின், மீட்டர், கார் எஞ்சின் இவற்றுக்குள் இருக்கிற சி புரோகிராமில் பாதிக்கு மேல் யாராவது அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார்களா? இல்லவே இல்லை. ஆடியது மொழி அல்ல, அளவுகோல்.

பெயர்த் தகராறு வேறு இருக்கிறது. பைதான் என்றால் மலைப்பாம்பு, ஜாவா என்றால் தீவு, 'கோ' என்றால் போ, 'சி' என்பதோ ஒரே ஒரு எழுத்து. அதனால்தான் 'புரோகிராமிங்' என்ற சொல்லைக் கூடவே சேர்த்துத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் இல்லாத நல்ல பக்கங்கள் எண்ணப்படாமல் போகும். ஒருவர் ஒரு மொழியைத் திட்டி எழுதிய பக்கமும் அந்த மொழிக்கு ஒரு ஓட்டாகப் பதிவாகும்.

டியோபி மேல் பழி போடக்கூடாது. சிறந்த மொழி எது என்றோ, எதில் அதிக வரிகள் எழுதப்பட்டன என்றோ சொல்வது தங்கள் பட்டியலின் வேலை இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் அடிக்கிறவர்தான் அந்த வரியை விட்டுவிடுகிறார்.

2. தேடுகிறவர்களை எண்ணுவது

பி.ஒய்.பி.எல். என்று இன்னொரு பட்டியல். இது எழுதி வைத்த பக்கங்களை எண்ணுவதில்லை. ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளும் பாடத்தை, அதாவது 'டுட்டோரியல்' என்ற சொல்லோடு மொழியின் பெயரை, எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது.

இது நல்ல யோசனை. பழைய பக்கம் பத்து வருடமானாலும் அப்படியே கிடக்கும். தேடுவது இன்றைய ஆள். ஆனால் யார் தேடுவார்? கற்றுக்கொள்ள வந்தவர். 20 வருடமாக சி எழுதுகிற அந்த இண்டர்வியூ சார் சி டுட்டோரியல் தேடுவாரா என்ன? ஆக இது விசாரணை கவுண்ட்டர் கணக்கு. புதிதாக எத்தனை பேர் ஏறப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்பதைச் சொல்லாது.

3. எழுதியதையே எண்ணுவது

"சரிப்பா, எழுதின புரோகிராமையே எண்ணிட்டாப் போச்சு!" என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. 2008-ல் தொடங்கிய கிட்ஹப் என்ற தளத்தில் கோடிக்கணக்கான புரோகிராம்கள் குவிந்து கிடக்கின்றன. அங்கே ஒவ்வொரு ஃபைலும் எந்த மொழி என்று லிங்குயிஸ்ட் என்ற மென்பொருள் கண்டுபிடிக்கிறது.

எப்படி? பெரும்பாலும் ஃபைல் பெயரின் வாலைப் பார்த்து. ஆனால் வாலை மட்டும் நம்ப முடியாது. 'எச்' என்று முடிந்தால் சி-யாகவும் இருக்கலாம், சி பிளஸ் பிளஸாகவும் இருக்கலாம். 'எம்' என்று முடிந்தால் மேட்லாபா, அப்ஜெக்டிவ் சி-யா? 'பி.எல்.' என்று முடிந்தால் பெர்லா, புரோலாகா? உள்ளே எட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, எந்த அலகில் எண்ணுவது? ஒரு புராஜெக்டில் எந்த மொழி எவ்வளவு என்று கிட்ஹப் காட்டும் கலர் பட்டை பைட் கணக்கு. பைட் கணக்கில் வளவளவென்று எழுத வேண்டிய மொழிக்கு லாபம். ஸ்கிரிப்ட் மொழியில் 10 வரியில் முடிகிற வேலைக்கு வேறொரு மொழியில் 50 வரி ஆகலாம். வேலை ஒன்றுதான், எடை மட்டும் ஐந்து மடங்கு! அதனால் மொழிகளை வரிசைப்படுத்தும்போது பைட்டை விட்டுவிட்டு, அந்த மொழியில் எத்தனை பேர் பங்களித்தார்கள் என்று பார்ப்பதே பொருத்தம்.

கிட்ஹப்பின் சொந்த ஆண்டறிக்கையில் 2024-ல் பைதான், ஜாவாஸ்கிரிப்ட்டைத் தாண்டி முதலிடம் வந்தது. 2025 ஆகஸ்டில் டைப்ஸ்கிரிப்ட் அந்த இரண்டையும் தாண்டியது. மாதந்தோறும் பங்களிப்பவர் எண்ணிக்கைப்படி இது.

ஆனால் இதெல்லாம் வெளியே தெரிகிற புரோகிராம் மட்டும்தான். வங்கியின் உள்ளே, தொழிற்சாலையின் உள்ளே பூட்டி வைத்திருக்கிற புரோகிராம் கிட்ஹப் பக்கமே வராது. ஒரு சர்வரின் மூலையில் ராத்திரி 2 மணிக்கு ஓடி பேக்கப் எடுக்கிற 12 வரி ஷெல் ஸ்கிரிப்ட்டை யார் எண்ணப் போகிறார்கள்? அது ஒரு நாள் நின்றால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும்.

4. சந்தேகங்களை எண்ணுவது

புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமும் 2008-ல் வந்ததுதான். எந்த மொழியில் அதிகம் கேள்வி வருகிறதோ அந்த மொழிக்குப் புழக்கம் அதிகம் என்று கொள்ளலாம். ரெட்மங்க் என்ற ஆய்வு நிறுவனம் கிட்ஹப் கணக்கை ஒரு அச்சிலும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கை இன்னொரு அச்சிலும் வைத்து வரைபடம் போடுகிறது. ஒரு தளம் ஏமாற்றினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம். இந்தப் பட்டியலில் ஜாவாஸ்கிரிப்ட்தான் பல வருடமாக முதலிடம்.

ஆனால் கேள்வி அதிகம் என்றால் புழக்கம் அதிகம் என்று அர்த்தமா, குழப்பம் அதிகம் என்று அர்த்தமா? இரண்டும் இருக்கலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு சிக்கல். சந்தேகம் வந்தால் தளத்துக்குப் போகாமல் அதையே கேட்டுவிடுகிறார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதுக் கேள்விகள் மளமளவென்று குறைந்துவிட்டன. சந்தேகம் தீர்ந்துபோகவில்லை. கேட்கிற இடம்தான் மாறியது. தடம் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று சொல்ல முடியுமா?

5. ஆளையே கேட்பது

அதே தளம் 2011 முதல் வருடாவருடம் புரோகிராமர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்துகிறது. 2024-ல் 65,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அதில் ஜாவாஸ்கிரிப்ட்டைப் பயன்படுத்துகிறோம் என்றவர்கள் சுமார் 62 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 62-ஐயும் டியோபியின் எண்ணையும் பக்கத்தில் வைக்கக்கூடாது. 2025-ல் டியோபியில் பைதானின் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டியது. "62 எங்கே, 25 எங்கே, ஜாவாஸ்கிரிப்ட்தான் பெரிசு" என்று சொன்னால் கணக்கு வாத்தியார் காதைத் திருகுவார். கருத்துக் கணிப்பில் ஒருவர் நாலு மொழிக்கும் டிக் போடலாம். எல்லாவற்றையும் கூட்டினால் 100-க்கு மேல் எங்கேயோ போகும். டியோபியில் கூட்டினால் 100-தான். இது பங்கு, அது விகிதம். இரண்டும் சதவீதம் என்று எழுதப்படுவதால் ஒன்றாகிவிடாது.

இன்னொன்று, பிடிப்பதும் பயன்படுத்துவதும் வேறு. அதே 2024 கணிப்பில், ரஸ்ட் மொழியைப் பயன்படுத்தியவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் அதையே தொடர விரும்பினார்கள். 2016 முதல் ஒவ்வொரு வருடமும் இந்த விஷயத்தில் ரஸ்ட்தான் முன்னணி. ஆனால் மொத்தத்தில் ரஸ்ட் பயன்படுத்தியவர்கள் எட்டில் ஒருவர்தான். சொகுசு பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் ஞாபகம் வருகிறதா?

இதை நானே சோதித்துப் பார்த்தேன். வகுப்பில் மூன்று நாள் மூன்று கேள்வி கேட்டேன். "உனக்கு எந்த மொழி தெரியும்?" என்று கேட்ட அன்று சி அதிகம் வந்தது, பாடத்தில் இருப்பதால். "எந்த மொழி கத்துக்க ஆசை?" என்றதும் பைதான் முன்னால் வந்தது. "போன வாரம் எந்த மொழியில் ஒரு புரோகிராமாவது எழுதினே?" என்று கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது! ஒரே வகுப்பு, ஒரே ஆட்கள். கேள்வி மாறினால் விடை எப்படி மாறுகிறது பாருங்கள்.

6. வேலை விளம்பரங்களை எண்ணுவது

நமக்கு நேரடியாக வேண்டியது இதுதான். அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. அமைப்பின் ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 2014 முதல் ஆண்டுதோறும் பல தடங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு தரவரிசை தருகிறது. அதன் பொதுப் பட்டியலில் 2017 முதல் பைதான் முதலிடம். ஆனால் வேலை விளம்பரத்தை மட்டும் வைத்துப் போட்ட பட்டியலில் 2022, 2023, 2024 மூன்று வருடமும் முதலிடம் எதற்குத் தெரியுமா? எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கிற அந்தச் சாதாரண மொழிக்கு.

காரணம் புரிந்துகொள்ள முடிகிறது. எஸ்.க்யூ.எல். மட்டும் தெரிந்தால் போதும் என்று யாரும் ஆள் எடுப்பதில்லை. ஆனால் எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும் "இதுவும் தெரிந்திருக்க வேண்டும்" என்று போடுகிறார்கள். சாம்பார் மாதிரி. தனியாக யாரும் ஆர்டர் செய்வதில்லை, ஆனால் எல்லா மேஜையிலும் இருக்கிறது. இதே எஸ்.க்யூ.எல்.லை டியோபி 2018-ல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. அதுவரை அதைப் புரோகிராம் மொழியாக எண்ணவில்லை. எது மொழி என்பதிலேயே கருத்து வேற்றுமை இருக்கும்போது எது முதல் மொழி என்று எப்படிச் சொல்வது?

பைதான் எப்போது முதலிடம் வந்தது?

இப்போது ஒரு சின்னப் பரீட்சை. பைதான் எந்த வருடம் நம்பர் ஒன் ஆனது?

ஸ்பெக்ட்ரம் கணக்கில் 2017.
பி.ஒய்.பி.எல். கணக்கில் 2018.
டியோபி கணக்கில் 2021 அக்டோபர்.
கிட்ஹப் கணக்கில் 2024. அடுத்த வருடமே அந்த இடம் டைப்ஸ்கிரிப்ட்டுக்குப் போய்விட்டது.
ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கருத்துக் கணிப்பில் 2025 வரை ஆகவே இல்லை. அங்கே ஜாவாஸ்கிரிப்ட்தான்.

ஒரே மொழி, ஒரே உலகம். விடை மட்டும் ஐந்து. ஆனாலும் இந்தப் பட்டியல்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. வரிசையைக் கவனியுங்கள். கற்றுக்கொள்ளத் தேடுகிற கூட்டம் 2018-லேயே முன்னால் ஓடியிருக்கிறது. பக்கங்கள் மூன்று வருடம் கழித்து வந்தன. கிட்ஹப்பில் எழுதுகிற கூட்டம் அதற்கும் பின்னால். எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன என்றால் அந்த மொழி வளர்கிறது என்று தாராளமாக நம்பலாம். ஒரு பட்டியலில் ஒரு மாதம் ஏறியதை நம்பக்கூடாது, பல பட்டியலில் பல வருடம் ஏறியதை நம்பலாம். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

கணக்கில் வராத மொழிகள்

கோபால் என்றதும் பக்கத்துத் தெரு கோபால் அண்ணனை நினைக்க வேண்டாம். கோபால் என்பது 1959-ல் வடிவமைக்கத் தொடங்கிய வணிகக் கணக்கு மொழி. 2020-ல் எந்தப் பெரிய பட்டியலிலும் அது முதல் 10-ல் இல்லை. அந்த வருடம் ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகை கேட்டுக் குவிந்தார்கள். அந்த மாநிலத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் கோபாலில் ஓடிக்கொண்டிருந்தன. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநரே பகிரங்கமாகக் கேட்க வேண்டியதாயிற்று. மவுசு இல்லாத மொழி, ஆனால் அது தடுமாறினால் சாப்பாட்டுக்கே திண்டாட்டம்.

எலெக்ட்ரிகல் நண்பர்களே, உங்கள் பி.எல்.சி. லேப் லேடர் டயகிராம் 1993-ல் வந்த சர்வதேசத் தரநிர்ணயத்திலேயே இடம்பெற்ற மொழி. எத்தனையோ கன்வேயர்களையும் பம்புகளையும் அதுதான் ஓட்டுகிறது. மெக்கானிக்கல் நண்பர்களே, சி.என்.சி. மெஷினுக்கு நீங்கள் எழுதும் ஜி கோடும் அப்படித்தான். ஃபேக்டரி ஆள் இவற்றை கிட்ஹப்பில் போடுவதில்லை, கூகுளிலும் ஓயாமல் தேடுவதில்லை. பட்டியலில் மேலே இல்லை என்பதால் "நம்ம படிப்புக்கு மதிப்பில்லை" என்று நினைத்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பி.எச்.பி. செத்துப்போய்விட்டது என்று வருடாவருடம் யாராவது சொல்வார்கள். ஆனால் சர்வரில் என்ன மொழி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடிந்த இணையதளங்களில் 70 சதவீதத்துக்கு மேல் பி.எச்.பி.தான் என்கிறது டபிள்யூ-த்ரீ-டெக்ஸ் என்ற அமைப்பின் கணக்கு. வேர்ட்பிரஸ் அதில் எழுதப்பட்டிருப்பது ஒரு பெரிய காரணம்.

"அதிவேக வளர்ச்சி" என்கிற சேட்டை

நோட்டீஸ்களில் இன்னொரு வித்தை இருக்கிறது. "200 சதவீத வளர்ச்சி!" என்று போடுவார்கள். 10 பேர் எழுதிய மொழியில் 30 பேர் எழுதினால் வளர்ச்சி 200 சதவீதம். 10,000 பேர் எழுதிய மொழியில் 11,000 பேர் எழுதினால் வெறும் 10 சதவீதம். ஆனால் முதலாவதில் புதிதாக வந்தவர் 20 பேர், இரண்டாவதில் 1,000 பேர். வளர்ச்சி விகிதத்தைச் சொன்னால் அடிப்படை எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

நாமே அளப்போம்

இனி எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எதை எண்ணினார்கள்? பக்கமா, தேடலா, புரோகிராமா, கேள்வியா, ஆளா, வேலையா?
இரண்டு: எதால் வகுத்தார்கள்? கூட்டினால் 100 வருமா, வராதா?
மூன்று: யார் விட்டுப்போனார்கள்?
நாலு: இந்தப் பட்டியலால் யாருக்கு லாபம்?

அதோடு, உலகப் பட்டியலை விட நமக்கு உபயோகமான பட்டியலை நாமே தயாரிக்கலாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். நம் பிளேஸ்மெண்ட் போர்டிலும் ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலும் இணையத்திலும் வருகிற விளம்பரங்களில், டிப்ளமோ போதும் என்று கேட்கிறவற்றை மட்டும் எடுங்கள். ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி. தேதி, ஊர், வேலை, கேட்கும் மொழிகள். ஒரே விளம்பரம் இரண்டு இடத்தில் வந்தால் ஒரு தடவைதான் எண்ண வேண்டும். "கட்டாயம்" என்றால் ஒரு கட்டம், "தெரிந்தால் நல்லது" என்றால் வேறு கட்டம். மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். மொத்தம் எத்தனை விளம்பரம் என்பதைக் கீழே எழுத மறக்காதீர்கள். அது இல்லாமல் சதவீதம் கிடையாது. ஐந்து விளம்பரத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பும் சொல்லாதீர்கள். நம் சீனியர்கள் வேலை பார்க்கிற இடங்களில் என்ன ஓடுகிறது என்று போன் போட்டுக் கேட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது.

முடிவாக

நான் பைதான் படித்தது வீணா? இல்லை. லூப், ஃபங்ஷன், ஃபைல் எல்லாம் அதில்தான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அந்த இண்டர்வியூவுக்குப் பிறகு பழைய சி நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். பைதானில் பழகிய மூளைக்கு சி முன்பு இருந்த அளவு பயமாக இல்லை. மூணாவது பிட்டை இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஆன் செய்வேன். என் குறை பைதான் கற்றதில் இல்லை, "நம்பர் ஒன்" என்ற ஒரு சொல்லுக்காக மற்றதை மறந்ததில் இருக்கிறது.

போன வாரம் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் அதே டீக்கடையில் அதே நோட்டீஸைக் காட்டி, "அண்ணே, இதுல சேரலாமா?" என்றான். "சேருடா, வேணாம்னு சொல்லலை. முதல்ல நீ என்ன வேலைக்குப் போகணும்னு சொல்லு. அப்புறம் அந்த வேலையில இருக்கிறவங்க எதுல எழுதறாங்கன்னு கேளு. கடைசியா நோட்டீஸைப் படி" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "என்ன வேலைக்குப் போகணும்னே தெரியலையே அண்ணே" என்றான்.

அதுவும் நியாயமான பதில்தான். அவனிடம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை 11 வரி எழுதியிருக்கிறான்.

– இறுதியாண்டு கணிப்பொறிப் பிரிவு மாணவன்